பாட்டிலுக்கு முன் இதயத்தைப் பார்த்தவள்

என் அருமை அம்மிணி வசந்திக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. நீ அடம்பிடித்து வாங்க வைத்த இதய ஸ்கேன் கருவி ஆபரேஷன் தியேட்டரில்தான் நிற்கிறது. உன் இடத்தில் மயக்க மருந்து கொடுக்க வந்திருக்கும் செல்வம் நல்ல டாக்டர். என்னை எதிர்த்துப் பேசத்தான் தெரியவில்லை. எனக்கு அதுதான் குறை.

நான் ஆபரேஷன் செய்யும்போது நடுவில் ரத்த அழுத்தம் இறங்கினால் சலைன் ஏற்றச் சொல்லிக் கத்துவேன். நீ அசைய மாட்டாய். "இருங்ண்ணா, இதயத்தப் பாத்துட்டு ஏத்தலாம்" என்பாய். பச்சைத் துணியை விலக்கி, நெஞ்சில் கருவியை வைத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாய். "படம் பாக்க வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே சரியான மருந்தைச் சொல்லுவாய். எத்தனை பொறுமை உனக்கு!

போன மாதம் ஓமலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் குடல் அடைத்து வந்தார். மாரியம்மன் நோன்பாம். "மூணு நாளாப் பச்சத்தண்ணி பல்லுல படலீங்க" என்றார் அவர் மனைவி. வயிற்றைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அழுத்தம் சரிந்தது. விரதம் இருந்த உடம்பு, வறண்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். இரண்டு பாட்டில் சலைன் ஓடியும் அழுத்தம் ஏறவில்லை. மூன்றாவதைக் கேட்க வாயெடுத்தவன், உன் நினைப்பு வந்து நின்றுவிட்டேன்.

"செல்வம், மெஷினை உருட்டிட்டு வாங்க. பாத்துட்டு ஏத்தலாம்."

வறட்சியே இல்லை அம்மிணி. இதயம் நிரம்பி, உப்பி, சுருங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏற்றியிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து ஆளையே இழந்திருப்போம். செல்வம் சலைனை நிறுத்தி, இதயத்துக்கு வலுக் கொடுக்கும் மருந்தை ஆரம்பித்தார். அழுத்தம் மெல்ல ஏறியது. இந்த ஒரு நிமிடத்தைத் தராமலா உன்னோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டினேன்?

அவர் குணமாகி வீட்டுக்குக் கிளம்பும்போது, மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நானில்லீங்க. இது என் தங்கச்சி சொல்லிக்குடுத்த பழக்கம்" என்றேன்.

"அந்தச் சாமி எங்கீங்க இருக்குது? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறோமுங்க."

"நான் சொல்லிர்றனுங்க" என்றேன்.

அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இனி அழுத்தம் இறங்கினால், செல்வம் பார்த்து முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைத்துக் காத்திருப்பேன். இது சத்தியம். நீ இருந்தபோது சொல்லாததையும் சொல்லிவிடுகிறேன்: நம் வீட்டில் பெரிய டாக்டர் நீதான்.

உன்னிடம் தோற்றதில் பெருமைப்படும்,
உன் அண்ணன்