நல்ல தண்ணிப் போத்தல்

2025 ஜனவரி 20, திங்கள்

பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி நெருங்குகிறது. ஓடப்போகிற பிள்ளைகளை விட அதிபருக்குத்தான் மூச்சு வாங்குகிறது. சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற பாவத்துக்கு, சுண்ணாம்புக் கோடு போடுவதில் இருந்து ஒலிபெருக்கிக்காரனோடு சண்டை பிடிப்பது வரை எல்லாம் என் தலையில்.

பின்னேரம் மின்னஞ்சல் பார்த்தேன். அவுஸ்திரேலியாப் புலமைப்பரிசிலின் முதல் தெரிவில் என் பெயர் இருக்கிறது. விளையாட்டுப் போசணையில் முதுமாணிப் பட்டம். ஓடுகிற ஆள் என்ன சாப்பிட வேண்டும், எப்போது எவ்வளவு குடிக்க வேண்டும், இதையே இரண்டு வருஷம் படிக்கலாம். அதற்கு முன் இணையவழியில் சில விரிவுரைகள், பிறகு நேர்முகம்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லது பிள்ளை" எண்டா. சொல்லிவிட்டு, தம்பி நிலக்ஷனின் படத்துக்கு முன்னால் ஒரு செம்பு தண்ணீர் வைத்தா. விளக்கு வைக்கிற நேரத்தில் தினமும் வைப்பதுதான். தம்பி தாகத்தோடு போனவன் என்று அம்மா நம்புகிறா. செம்பில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு இப்போதெல்லாம் பிடிப்பதில்லை.

ஜனவரி 23, வியாழன்

காலை பஸ் பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல மற்றப் பக்கத்துக்கு மாறி இருந்தேன். தம்பி ஓடும்போது சுருண்டு விழுந்த இடம் இடது பக்கம். ஏன்தான் மாறுகிறேனோ. எந்தப் பக்கம் இருந்தாலும் யன்னலோடு ஓடி வருகிறான். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, அந்த நீலக் காற்சட்டையோடு. முகம் மட்டும் தெரிவதில்லை. "ரீச்சர், வேலணை. இறங்கேல்லையோ?" என்று நடத்துநர் கேட்டபோதுதான் பஸ் நின்றிருப்பது தெரிந்தது.

பெப்ரவரி 9, ஞாயிறு

மூன்றாவது விரிவுரை. எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க ஏலாது.

நெடுந்தூரம் ஓடுகிறவன் வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து போகும். மூளை வீங்கும். விரல்கள் வீங்கும், குமட்டிச் சத்தி வரும், பேச்சுத் தடுமாறும், வலிப்பு வரும். பார்க்கிறவர்கள் வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் பருக்குவார்கள், அதோடு ஆள் முடிந்துவிடும். விரிவுரையாளர் இதைச் சொன்ன குரலில் ஒரு சலனமும் இல்லை.

மடிகணினியை மூடிவிட்டேன்.

2023 சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் சனசமூக நிலையம் வைத்த மரதன். புங்குடுதீவு இறுப்பிட்டியில் தொடங்கி, பாலம் தாண்டி, வேலணையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். நான் அப்போது தெற்கில், பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம். புங்குடுதீவுக் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். நல்ல தண்ணி என்றால் பவுசர் லொறியில் வருவதுதான். அந்த நல்ல தண்ணியை அம்மா மகனுக்கென்று ஒதுக்கி வைத்தா. ஒரு கிழமையாக அவனுடைய கஞ்சியிலும் கறியிலும் உப்பை நிறுத்தினா. "இஞ்சத்தைத் தண்ணியில உள்ள உப்பே ஒரு ஆயுசுக்குக் காணும், இனியும் ஏன்?" என்று தொலைபேசியில் எனக்கே சொன்னவ. நானும் சிரித்தேன். ஓடுகிற அன்று பாலத்தில் நின்று போத்தல் போத்தலாகக் கொடுத்தா. அவன் சத்தி எடுத்தபிறகும், "குடி ராசா, குடி."

உவர் தண்ணீராவது குடித்திருந்தால்.

பெப்ரவரி 10, திங்கள்

மோதிரம். ஆஸ்பத்திரியில் அவனுடைய மோதிரத்தை அறுத்துத்தான் கழற்றினார்கள். தண்ணீர் இல்லாமல் செத்தவனுக்கு விரல் வீங்குமா?

பெப்ரவரி 16, ஞாயிறு

அப்பா பின் வளவில் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். ஓலை எடுத்துக் கொடுக்கிற சாட்டில் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். தம்பிக்கு என்ன நடந்தது என்று டாக்குத்தர் ஏதாவது சொன்னாரா?

அப்பா கட்டிய கட்டை இறுக்கி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அண்டைக்கே சொன்னவர். உடம்பில உப்பில்லாமல் போச்சுதாம். தண்ணி கூடிப் போச்சுதாம்."

"அம்மாவுக்கு?"

"கொம்மாவுக்குத் தெரிஞ்சால் நாங்கள் ரெண்டாவது பாடையும் கட்டோணும். அந்தக் கதை இந்த வளவுக்குள்ள வரக்கூடாது. நீ படிச்சதை உன்னோட வைச்சிரு."

இரண்டு வருஷமாக இந்த மனுசன் அந்தச் செம்புக்கு எதிரே இருந்துதான் சாப்பிட்டிருக்கிறார். கோபம் வந்தது, பிறகு பாவமாக இருந்தது. இனி நானும் அவரோடு அந்தப் பக்கத்தில்தான் இருந்து சாப்பிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

நேர்முகம். வலையமைப்பு இரண்டு தடவை அறுந்தது. ஏன் இந்தப் படிப்பு என்று திரையில் இருந்த பெண்மணி கேட்டா. என் தம்பி ஓட்டக்காரன், வெயிலால் இறந்துபோனான் என்றேன். வெயிலால் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவ மனம் வருந்திவிட்டு அடுத்த கேள்வி கேட்டா: "படித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் முதலில் யாருக்கு இதைச் சொல்லுவீர்கள்?"

மாணவர்களுக்கு என்றேன்.

அந்த நேரம் அம்மா பின்னால் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தா.

மார்ச் 22, சனி

இந்த வருஷம் பெண் பிள்ளைகளுக்கும் மரதன் வைக்கிறார்களாம். பக்கத்து வீட்டுத் தர்சனா பெயர் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு, என்னிடம் படிக்கிறவள், கால் நல்ல நீளம். விடிய எழும்பி ஓடுகிறாள்.

அம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. அலுமாரியைத் திறந்து நிலக்ஷனின் போத்தல்களை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறா. நல்ல தண்ணி எல்லாம் இனித் தர்சனாவுக்காம். "உப்பைக் குறை பிள்ளை, தாகம் எடுக்கும். தண்ணியை நல்லாக் குடி." தர்சனா ஏதோ பகிடி சொல்ல அம்மா சிரித்தா. அந்தச் சிரிப்பை இரண்டு வருஷமாக நான் கேட்கவில்லை.

சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை.

மார்ச் 25, செவ்வாய்

போத்தல்கள் நான்கும் குசினி யன்னலில் வரிசையாக இருக்கின்றன. மூடி இல்லாமல். யாரோ இப்போதுதான் குடித்துவிட்டு வைத்தது போல.

ஏப்ரல் 6, ஞாயிறு

கள்ள வேலை ஒன்று செய்தேன். அம்மா நிரப்பி வைத்த போத்தல்களில் ஒருவரும் பார்க்காத நேரம் உப்பும் சீனியும் கலந்தேன். சொல்லவும் வேண்டாம், பிள்ளையும் தப்பும் என்று என்னுடைய மூளை சொன்னது. பட்டம் பெற்ற மூளை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தர்சனா குடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அன்ரி, இண்டைக்குத் தண்ணி கரிக்குது."

பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா துருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா.

"போத்தலுக்குள்ள உப்புப் போட்டனீயோ?"

"ஓம்."

"ஏன்?"

"வேர்வையோட உப்பும் போகுது அம்மா. வெறும் தண்ணியைக் கனக்கக் குடிச்சால் —"

நிறுத்திவிட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது. வாயில் வந்த ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருக்கலாம்.

"குடிச்சால்?"

"விரல் வீங்கும்" என்றேன். எத்தனையோ சொல் இருக்க, அதையா சொல்லவேண்டும்? என்ர வாய். என்ர நாசமாப் போன வாய்.

அம்மா எழும்பவில்லை. கையில் இருந்த பாதியைத் துருவி முடித்தா. மற்றப் பாதியையும் எடுத்துத் துருவினா. பிறகு தேங்காய்ப் பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"அவனுக்கு நான் ஒரு கல்லு உப்பும் போடேல்லை."

இல்லையம்மா, அது வெயில், என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா என் முகத்தைப் பார்த்தா. பார்த்ததே போதும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று செம்பு வைக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மருத்துநீர் வைத்தோம், பொங்கினோம், எல்லாம் செய்தோம். அப்பா என்னோடு கதைக்கவில்லை. அம்மா ஒருவரோடும் கதைக்கவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழும்புகிறா.

சரியென்றுதான் சொன்னேன். பிழையென்றும் தெரிகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? தம்பி போனது ஒரு தரம். அம்மா கையால் அவனை இரண்டாந்தரம் கொல்ல வைத்தவள் நான்.

புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. கடிதம் நேற்றே வந்தது. யாருக்குச் சொல்ல?

ஏப்ரல் 19, சனி

மரதன். பாலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அவன் விழுந்த இடத்தில், இடது பக்கம், ஒரு மர வாங்கு போட்டிருந்தது. வாங்குக்குப் பின்னால் அம்மா.

எப்படி வந்தா, யார் கூட்டி வந்தது என்று பார்த்தால், கொஞ்சம் தள்ளி அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார். வாளியில் தேசிக்காய்த் தண்ணி, உப்பும் சீனியும் போட்டது. வருகிற பிள்ளைகளுக்குச் சின்னக் கோப்பையில் அம்மா வார்த்துக் கொடுத்தா. ஒரு பெடியன் இன்னொன்று கேட்டபோது, "காணும் ராசா, இவ்வளவும் போதும், ஓடு" எண்டா. ஒரு துளியும் சிந்தவில்லை.

தர்சனா ஐந்தாவதாக வந்தாள். வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். எனக்கு அது போதும்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை பஸ்ஸில் இடம் மாறி இருக்கவில்லை. அவன் வந்தான். வரட்டும்.

பின்னேரம் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டினேன். இங்கிலிசு என்றாலும் விரலால் தடவிப் பார்த்தா. "எப்ப பயணம்?" ஜூலை என்றேன். "அப்ப சம்மதமெண்டு எழுதிப்போடு" எண்டா. எழுதிப்போட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நிலக்ஷனின் திவசம்.

விடிய எழும்பி அம்மா தனியச் சமைத்தா. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் குழம்பு. படைக்கிற சமையலை யாரும் வாயில் வைக்கக் கூடாது. செத்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. அதனால் உப்பு எப்போதும் கைக்கணக்குத்தான். கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் பாடு.

நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினியில் இருந்து கூப்பிட்டா. அகப்பையில் பால்கறிக் குழம்பை எடுத்து ஊதிக்கொண்டு நின்றா.

"கையை நீட்டு பிள்ளை. உப்புப் பார்."

"படைக்க முதலே, எப்படியம்மா —"

"பார்."

வாசலில் அப்பா வாழைக்குலையோடு நின்றார். பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தேன்.

"காணும் அம்மா."

"வடிவாப் பார்."

இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தேன். காணும் என்றேன். அதன் பிறகுதான் அம்மா சட்டியை அடுப்பால் இறக்கினா.