பள்ளக் காணிக்கு அகலச் சில்லு

என் ஆசை மச்சான் நல்லதம்பிக்கு,

வருகிற செவ்வாயோடு நீ போய் ஒரு வருசம். ஆட்டைத் திவசத்துக்குச் சாமான் வாங்க நாளைக்குத் துணுக்காய்க்குப் போகவேணும். அதற்கு முதல் உனக்கு நாலு விசயம் சொல்லவேணும் என்று எழுத இருக்கிறேன். வாசிகசாலைக்காரர் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். "அன்னார் அமைதியே உருவானவர்" என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனை ஓடவில்லை. நீ அமைதியான ஆளா? அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம். பாக்கியம் சுகம். (வாசிக்கிறவர்களுக்கு: பாக்கியம் என் தங்கச்சி, இவனுடைய பெண்சாதி.) உன் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பெரியவள் உன்னைப் போலவே கேள்வி கேட்டுக் கொல்கிறாள். என் பெட்டைப் பிள்ளைகள் மூன்றும் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவள் ஆறாம் வகுப்பு. இப்போதே என் எழுத்துப் பிழையைத் திருத்துகிறாள். இந்தக் கடிதத்தை அவளுக்கு ஒளித்துத்தான் எழுதுகிறேன்.

இனி உன் காணி.

போன ஐப்பசியில் நெருப்புக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோக, அந்த மாரிக் காலபோகம் உன் மூன்று ஏக்கரும் விதைக்காமல் கிடந்தது. அரசாங்கம் தந்த எங்கள் காணிப் பெமிட்டிலே உள்ள விதி உனக்குத் தெரியும். தொடர்ந்து இரண்டு போகம் சும்மா கிடந்தால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு போகம் முடிந்துவிட்டது. சிறுபோகத்துக்குக் குளக் கூட்டத்திலே, வைகாசி பத்துக்கு முன் எல்லாரும் விதைத்துவிட வேணும், அதற்குப் பிறகு விதைக்கிற காணிக்குத் தண்ணீர் இல்லை என்று தீர்மானித்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் பாக்கியத்துக்குக் காணி இல்லை. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக் குசினியோடு ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கி அதற்குள் இருக்கவேண்டியதுதான்.

உன் காணியோ குளக்கட்டுக்கு நேர் கீழே, ஊறுதண்ணீர் வற்றாத பள்ளம். எருமைகளை இறக்கி மிதிப்பித்துத்தான் அதை நீ சேறாக்குவாய். இந்த முறை எருமைகளுக்கெல்லாம் வாயிலும் குளம்பிலும் புண். பட்டியை விட்டு ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. மண்வெட்டியோடு இறங்கினால் இடுப்புவரை தாழும் நிலத்தை எந்தக் காலத்தில் கொத்தி முடிப்பது?

மிச்சம் இருந்தது கமக்காரர் சங்கத்து உழவு மெசின்தான்.

மெசின் வரப்போகிற கதை நீ இருக்கும்போதே அடிபட்டது. அதன் றப்பர்ச் சில்லு சேற்றிலே உருளாமல் வழுக்கும், இரும்புச் சில்லு செய்து பக்கத்திலே பூட்டவேணும் என்றதும், எப்படிப்பட்ட சில்லு என்று நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணிக் கடையிலே சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா? ஒரு சாண் அகலம் போதும், ஆனால் பல்லு நீளமாக இருக்கவேணும், பல்லுத்தான் அடிநிலத்தைக் கவ்வும் என்று நான் நின்றேன். நீ ஒரே ஒரு கதைதான் சொன்னாய்.

"மச்சான், பல்லைப் பாக்காதை, பாதத்தைப் பார். சேத்துக்குள்ளை எருமையின்ர குளம்பு எப்பிடி விரியுது எண்டு பார்."

எருமைக்கும் மெசினுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று உன்னைப் பகிடி பண்ணினேன். கடையிலே எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

மெசின் மாசியில் வந்தது. சில்லைத் தெரிவு செய்கிற பொறுப்பைச் சங்கம் என் தலையிலே வைத்தது. ஏழாம் வகுப்பு வரைக்கும் படித்தவன், மெசினோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவன் என்பதால். எனக்குப் படம் பார்க்கத்தான் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. படத்திலே பல்லு நீண்ட சில்லு பார்க்கப் பயங்கரமாக இருந்தது. அதையே வவுனியாக் கொல்லனிடம் செய்வித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் உழுதது. என் காணி, எனக்கு மேலே உள்ளவர்களின் காணி, எல்லாம் முழங்கால் அளவு சேறு. அதற்குக் கீழே இறுகின தரை. பல்லு அந்தத் தரையைப் பிடிக்க, மெசின் ஓடித் திரிந்தது. சில்லு வழுக்குகிற இடத்தில் இரண்டு பேரைச் சில்லுக்கு மேலே உள்ள மட்காட்டிலே ஏற்றி இருத்துவோம். சேற்றை நிரவப் பலகை அடிக்கும்போது பாரத்துக்கு ஆள் ஏறி நிற்கிற பழக்கம்தானே எங்களுக்கு. பாரம் கூடினால் பிடியும் கூடும். இருபது நாள் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒருவன் என்னை "எஞ்சினியர்" என்று கூடக் கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன் என்பதுதான் வெட்கம்.

வைகாசி இரண்டாம் திகதி உன் காணிக்குள் இறக்கினோம். டிரைவர் சிவலிங்கம் இருபது அடி போகமுதல் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. பாரம் போடுங்கோ என்று கத்தினேன். இரண்டு பேர் ஏறினார்கள். இன்னும் சுற்றியது. நாலு பேர். கடைசியில் நானும் ஏறினேன், மச்சான். ஒன்பது பேர் கோயில் சப்பறம் மாதிரி அதிலே தொங்கிக்கொண்டு நிற்க, மெசின் எங்களையும் சுமந்துகொண்டு மெல்ல மெல்ல அச்சுவரை தாழ்ந்தது. முன்சில்லு மேலே தூக்கப் பார்க்க, சிவலிங்கம் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் குதித்தான். குதித்தவன் இடுப்புவரை போய் நின்றான்.

பனங்குற்றி அடுக்கி, நாலு சோடி மாடு பூட்டி, அதை வெளியே எடுக்க ஒரு முழுநாள் போனது. சனம் கலைந்தது. சங்கத் தலைவர், இனி மெசினை இந்தப் பள்ளத்துக்குத் தர ஏலாது என்றார். அவரிலும் பிழை இல்லை. பாக்கியம் மட்டும் வரம்பிலே நின்றாள்.

"அண்ணை, இதுக்குள்ளை அடிநிலமே இல்லை. நீங்கள் பல்லு எவ்வளவு நீட்டினாலும் என்னத்தைப் பிடிக்கிறது? போன சிறுபோகம் விதைக்கேக்கை இவர் காலிலை பலகை கட்டிக்கொண்டுதான் இறங்கினவர்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் சிரிப்பியள் எண்டு."

நீ கட்டின பலகைகளை அவள் கொண்டுவந்து தந்தாள். ஒன்றரைச் சாண் அகலம், இரண்டு சாண் நீளம், கயிறு போட ஓட்டை. முதலில் வெறுங்காலோடு இறங்கினேன், இடுப்பு. பலகையோடு இறங்கினேன், கணுக்கால். ஆளுயர இரும்பு அலவாங்கை எடுத்துக் குத்திப் பார்த்தேன். முழு அலவாங்கும் போனது, தரை தட்டவில்லை. பிறகு ஒரு பலகையை மற்றப் பலகைமேல் வைத்து நானே விழுந்து எழும்பினேன் என்பதை விடுவோம்.

அடுத்தநாள் விடிய வவுனியாவுக்குப் போனேன். கொல்லனுக்கு, பல்லே வேண்டாம், ஒன்றரை முழ அகலத்துக்கு இரண்டு வளையமும் நடுவிலே ஏணிப்படி மாதிரித் தட்டைச் சட்டமும் வைத்துச் செய் என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அகலம் கூடினால் அச்சுக்குக் கேடு, இறுகின நிலத்தில் பிடிக்காது, மேட்டுக் காணிக்குக் கொண்டுபோகாதே என்று எச்சரித்தான். அதுவும் சரி. ஒரு சில்லு எல்லாக் காணிக்கும் பொருந்தாது. அலவாங்கு தட்டுகிற இடத்துக்குப் பல்லு, தட்டாத இடத்துக்கு அகலம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மெசினைத் தாட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று நாளில் செய்து தந்தான். சங்கத் தலைவரிடம் போய் நின்றேன். இந்த முறையும் தாழ்ந்தால் என் மாடுகளாலேயே இழுத்தெடுப்பேன், சங்கத்திலிருந்தும் விலகுவேன் என்றேன். இரண்டாவதுக்குத்தான் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

புதுச் சில்லை வண்டிலில் ஏற்றிக் காணிக்குக் கொண்டுபோய் அங்கே வைத்துத்தான் பூட்டினோம். பூட்டிக்கொண்டு றோட்டிலே ஓடினால் டிரைவருக்கு எலும்பு மிஞ்சாது. அந்த மெசினிலே அவன் கதிரைக்குக் கீழே குலுக்கம் தாங்க உள்ள ஒரு வில்லைத் தவிர வேறு வில்லே கிடையாது. கலப்பையையும் கழற்றிவிட்டு, இழுக்க ஒரு பலகை மட்டும் விட்டோம். வரம்பிலே சில்லு நுழைய வழியில்லை. வரம்பிலே இறங்குகிற கடவையை இன்னொரு முழம் வெட்டினோம். அன்றைக்கு வைகாசி எட்டு.

மெசின் இறங்க, பழக்கத்திலே இரண்டு பேர் மட்காட்டில் ஏறப் போனார்கள். பாக்கியம் குரலை உயர்த்தி நான் முன்னம் கேட்டதில்லை.

"ஒருத்தரும் ஏற வேண்டாம். அண்ணை, நீங்களும்தான்."

சிவலிங்கம் தனியே போனான். நான் முன்னாலே பலகை கட்டின காலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மெசின் ஒரு சாண் தாழ்ந்தது. பிறகு தாழவில்லை. வாத்து மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டு மறுகரைக்குப் போய், திரும்பி வந்தது. பொழுது படமுதல் மூன்று ஏக்கரும் கூழ் மாதிரி வந்துவிட்டது. ஒன்பதாம் திகதி முளைநெல் எறிந்தோம். இப்போது ஊரிலே எனக்கு எஞ்சினியர் பட்டம் போய் அலவாங்கர் என்ற பெயர் வந்திருக்கிறது. யார் காணிக்குப் போனாலும் முதலில் குத்திப் பார்க்கிறேனாம்.

ஆடியில், பெமிட் கொடுக்கிற காணிக் கந்தோர் ஐயா பார்வையிட வந்தார். பயிர் முழங்காலுக்கு மேலே நின்றது. யார் செய்தது என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நான் போட்டிருந்த சேட்டின் கொலரை இழுத்துவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, ஒரு பொம்பிளை தனியே இந்தப் பள்ளத்தோடு மாரடிக்கிறது கஷ்டம், அவ சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் பெமிட்டை உம்முடைய பேருக்கு மாற்றலாம், நீரே அவவையும் பார்த்துக்கொள்ளும் என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

பாக்கியம், "அண்ணை சொல்லுறபடி" என்றாள்.

மச்சான், உனக்கு ஒளிப்பேனா? நான் உடனே வாய் திறக்கவில்லை. என் காணி மேட்டுக் காணி, வாய்க்காலின் கடைசிக் கட்டு. உன் பள்ளத்திலே தண்ணீர் வற்றாது. எனக்கு மூன்று பெட்டைகள். மனம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, ஐயா ஒருமுறை தொண்டையைச் செருமினார். பாக்கியம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயிரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஐயா, மெசினைக் கொண்டுபோய்த் தாட்டவன் நான். இந்தப் பள்ளத்தைத் தெரிஞ்சவ அவதான். அவவின்ர பேருக்கே எழுதுங்கோ" என்றேன்.

புரட்டாசியில் பெமிட் வந்தது. நல்லதம்பி பாக்கியம் என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து அலுமாரியில் வைக்கமுதல் என்னிடம் தந்து ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு இன்னொருமுறை. அவளுக்கு வாசிக்கத் தெரியாதா என்ன?

அந்த வரம்பிலே நான் பேசாமல் நின்ற நேரத்தை அவள் கண்டாளா என்று தெரியாது. கேட்கவும் இல்லை. நீ கண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். அதுதான் எழுதிவைக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை அந்தக் காணியிலே என் மாடு இறங்கும், என் கை இறங்கும். என் பேர் இறங்காது. என் பிள்ளைகள் நாளைக்கு இதை மறந்தால் வாசிகசாலையிலே இந்தப் பத்திரிகை இருக்கும், எடுத்து வாசிக்கட்டும்.

உன் பாக்கியத்தின் தமையன்,
என்றைக்கும் உன் மச்சான்,
சின்னத்துரை