கழுத்தில் போட்ட கோடு

காஜா பெராங், மலாக்கா
28-5-1957

அன்புள்ள பாக்கியலட்சுமி அக்காவுக்கு,

இல்லை, ஆஸ்பத்திரியின் சம்மதத் தாளில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இவருக்கு அறுவை வெள்ளிக்கிழமை. ஆனாலும் போடவில்லை.

டாக்டர் சொல்வது புரியாமல் இல்லை. இவர் காதின் மேல்விளிம்பில் ஆறாமல் இருந்த புண் புற்றுதான். வெட்டி அனுப்பிய துணுக்கைப் பார்த்துக் கோலாலம்பூரில் சொல்லிவிட்டார்கள். அது பரவினால் முதலில் கழுத்துக்குத்தான் இறங்குமாம். டாக்டர் தடவிப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது. ஊதா மையால் காதிலிருந்து காறை எலும்பு வரை ஒரு கோடு இழுத்தார். கடைப் பலகையில் பெயர் எழுதுமுன் இவர் சுண்ணக்கட்டியால் போடுவாரே, அதுபோல. அந்த வழியே வெட்டி நெறிகளை எடுப்பாராம். அப்புறம் வலது கை தோளுக்கு மேல் எழாமல் போகலாம்.

ஆகஸ்டில் வரும் மெர்டேக்கா சுதந்திர நாள் வளைவுகளுக்கு இவரைத்தான் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவருக்கு வேறு என்ன தெரியும்?

டாக்டர் ஜூலையில் சீமைக்குத் திரும்புகிறார். அதனால்தான் அவசரமோ? நர்ஸ் பூங்காவனத்தைக் கேட்டேன். "அவரு ஊருக்குப் போறதுக்கும் கத்திக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று சிரித்தாள். சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு இவரையே சந்தேகித்தேன். தம்பின் ஊர் அம்மன் திருவிழாவுக்குப் பலகை எழுதப் போய்வந்ததிலிருந்து தாடி. காரச் சம்பல் வேண்டாம் என்கிறார். இடது பக்கமாகவே மெல்லுகிறார். பரவிவிட்டது, மறைக்கிறார் என்று நினைத்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் தாடியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் அலகு குத்திய துளை. வலதில் சீழ். தம்பினில் பலகை வேலை என்று போனவர், காது குணமாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அங்கே குத்தியிருக்கிறார்.

"டாக்டர்கிட்ட மூச்சு விடாதே. வெள்ளக்காரன் சிரிப்பான். நேர்த்தி கெட்டுடும்," என்றார்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். நாம் பார்த்ததுதானே? டாக்டர் காதைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தாடி மூடியிருந்தது. அறுவையன்று காலை தாடியை மழிக்கிறவர் பரு என்று நினைத்துக்கொள்வார்.

நெறி அலகால் வந்ததா, காதால் வந்ததா? எனக்குத் தெரியாது. சொன்னால், சீழ் ஆறி நெறி வற்றுகிறதா பார்ப்போம் என்று தள்ளிப்போடுவார். அதற்குள் உண்மையாகவே பரவிவிட்டால்? சொல்லாவிட்டால் கை.

அக்கா, நீ கும்பிடும்போது அம்மனிடம் ஒன்று கேள். இவர் காத்த ரகசியத்தை உடைப்பவள் நான். கோபம் என்னோடு நிற்கட்டும்.

உன் தங்கை,
சந்திரமதி

கடிதத்தை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், கன்னத்தையும் பார்க்கும்படி டாக்டரிடம் சொன்னாள்.