மாரீஸ்வரியை நான் மறந்த இரண்டு மணி நேரம்

அக்கா,

காலையில் அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் எவர்சில்வர் பாலாடை கையில் அகப்பட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாலாடையா என்று தெருவே சிரித்தபோது, அதில்தான் என் மாரீஸ்வரிக்குக் கஞ்சி புகட்டினீர்கள். நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. துடைப்பதை விட்டுவிட்டு அழுதேன்.

அந்தத் தீபாவளி சீசனில், பட்டாசு வேலைக்குப் போகும் நேரம் பிள்ளையை விட ஓர் இடம் தேடி நான் அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியும். கழுத்து நிற்காத பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள் ஓரிடத்தில். வலிப்பு வந்தால் மற்றப் பிள்ளைகள் பயப்படும் என்றார்கள் இன்னோரிடத்தில். விருதுநகரில் சேர்த்துக்கொள்வார்களாம், ஆனால் என் கூலி முழுவதும் அதற்கே போய்விடும். கடைசியில் அவளைச் சேலையால் கட்டிலோடு கட்டி, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். இதை எழுதக் கை கூசுகிறது.

நீங்கள் விஸ்வநத்தத்தில் உங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேட்க வெட்கப்பட்டு வாசலில் நின்றேன். "மத்தவுக என்ன குடுக்காகளோ அதையே குடு" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டீர்கள். வலிப்பு வந்தால் கையில் திணிப்பதற்காக அவள் அரைஞாணில் நான் கட்டியிருந்த சாவியைப் பார்த்துச் சிரித்தீர்கள். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், அம்புட்டுத்தான்." மற்றத் தாய்மார்கள் முணுமுணுத்ததை எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை. நம் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. புகையைப் பார்த்து ஓடுவார்கள். நானும் சுற்றிக்கொண்டிருந்த காகிதக் குழாயைப் போட்டுவிட்டு ஓடினேன். புகை வந்தது நம் இருவர் வீட்டுக்காரர்களும் வேலைபார்த்த பட்டாசுக் கம்பெனியிலிருந்து. கேட்டருகே என்னவரைக் கண்டுபிடித்துவிட்டேன். உங்களவரை யாரும் பார்க்கவில்லை என்றார்கள்.

அப்போதுதான் மகள் நினைவு வந்தது. இரண்டு மணி நேரம் அவளை நினைக்கவே இல்லை அக்கா. அவள் பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததே கிடையாது.

ஓடிவந்தேன். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து நடுவில் இருந்தீர்கள். சத்தத்தில் வலிப்பு வந்து அடங்கி, மாரீஸ்வரி உங்கள் மடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவுகளப் பாத்தியா?"

நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். இப்போது தூக்கினால் மறுபடி வந்துவிடும், பொறு என்றீர்கள். உங்கள் கண் வாசலுக்கும் தெருவுக்கும் ஓடியது. அவள் தலையை வைத்திருந்த கை மட்டும் அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்றார், சட்டையெல்லாம் கருகி, உயிரோடு. நீங்கள் எழவில்லை. கண்ணீர் கொட்டக் கொட்டச் சொன்னீர்கள்: "அங்கனயே நில்லுங்க. புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

பெற்றவள் பிள்ளையை மறந்தேன் என்பதைப் பல நாள் குற்றமாகச் சுமந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மறக்க முடிகிற ஓர் இடத்தை நீங்கள் தந்திருந்தீர்கள்.

உங்கள் முன்னறையை இப்போது நான் நடத்துகிறேன். போன வாரம் காது கேளாத ஒரு பையனைச் சேர்த்தேன். அவன் அம்மா தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறாள். ஒருநாள் திரும்பிப் பார்க்காமல் போவாள். அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.