தையல் பிரித்த சொற்கள்

பிப்ரவரி 3

அன்புச் சின்னுவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். காகிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாதல்லவா! உட்கார்ந்து படி. நேற்று நான் பறந்தேன்.

ஆள் ஏறிப் பறக்கிற பலூன் கம்பெனியில் துணி தைக்கிறேன் என்று சொல்லியிருந்தேனே. நேற்றுக் காலை கூடையில் ஏற வேண்டிய உதவியாளர் வரவில்லை. பலூன் ஓட்டுகிற பெண் என்னைப் பார்த்து, "நீங்க தைச்சதுதானே? நம்பி ஏறுங்க" என்றாள். ஏறிவிட்டேன். தலைக்கு மேலே நெருப்பு சீறியது. நம் கட்டடத்தின் மொட்டை மாடி தீப்பெட்டியளவு ஆகிவிட்டது. நான் போட்ட தையலெல்லாம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பயப்பட எங்கே நேரம்!

இறங்கியதும், "நானும் ஓட்டலாமா?" என்று கேட்டேன். "பரீட்சை எழுதணும். அதுவும் இங்கிலீஷ்ல" என்றாள். அங்கேதான் இடிக்கிறது. அல்டிமீட்டர், பைரோமீட்டர், அனிமோமீட்டர் என்று கருவிகளின் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. நீ அகராதி ஆபீசில் இருப்பவள்; ஒரு வழி சொல்லேன்.

வயிற்றில் இருப்பவர் உதைக்கிறாரா?

முத்தங்களுடன்
அம்மா

பிப்ரவரி 19

அம்மா,

உனக்கென்ன பைத்தியமா? மே மாதம் எனக்குப் பிரசவம். இங்கே வர உனக்கு விமான டிக்கெட் போட்டாகிவிட்டது. கையைக் காலை உடைத்துக்கொண்டா வரப்போகிறாய்? இவர் வேறு, "அத்தை கெட்டிக்காரங்க" என்று கை தட்டுகிறார்.

கேட்டுவிட்டாய், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவற்றுக்கெல்லாம் வால் ஒன்றுதான். 'மெட்ரான்' என்றால் கிரேக்கத்தில் அளவு, அதுதான் மீட்டர். தலையை மட்டும் தெரிந்துகொள். 'பைர்' நெருப்பு, 'அனிமோஸ்' காற்று, 'தெர்மே' சூடு, 'பாரோஸ்' பாரம். அல்டிமீட்டர் கலப்புத் திருமணம்: உயரத்தைச் சொல்லும் தலை லத்தீன், வால் கிரேக்கம்.

ஆசைக்குப் படி. பரீட்சையெல்லாம் வேண்டாம்.

கோபமாக
சின்னு

மார்ச் 7

என் தங்கமே,

அளவா! காலமெல்லாம் ஊராருக்கு அளவெடுத்தவளிடம் இதை ஒருவரும் சொல்லவில்லையே! இப்போது எந்தச் சொல்லைக் கண்டாலும் தையலைத் தேடிப் பிரித்துவிடுகிறேன். பேருந்தில் ஓட்டுநரிடம் போய், "தம்பி, உங்க ஸ்பீடோமீட்டர்கூட கலப்புத் திருமணம்தான், தெரியுமா?" என்றேன். "முதல்ல உக்காருங்கம்மா" என்றார்.

தினமும் விடிந்ததும் பறக்கும் பயிற்சி. சின்னு, பரீட்சையும் மே மாதம்தான். விட்டால் அடுத்த வருடம். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பாசம் குறைந்து அல்ல, கண்ணு. உனக்குப் பால் காய்ச்ச மாப்பிள்ளைக்குத் தெரியும். இந்தப் பரீட்சையை எனக்குப் பதிலாக யாரும் எழுத முடியாது.

திட்டியாவது எழுது.

அம்மா

ஏப்ரல் 11

சின்னு,

பதில் இல்லை. போனையும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். "தூங்குறா அத்தை" என்கிறார், எப்போது கேட்டாலும். நன்றாகத் தூங்கு.

அம்மா

மே 26

என் கண்ணே,

பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளை சொன்னார். தையல் அறையில் எல்லா மெஷினும் நின்றுவிட்டது, நான் போட்ட கூச்சலில்!

பரீட்சையில் தேறிவிட்டேன்! வேரியோமீட்டர் என்றால் என்ன என்று ஒரு கேள்வி. படிக்காதது. பிரித்துப் பார்த்தேன். துணிக்கடைக்காரர் 'வெரைட்டி' என்பாரே, விதவிதமாய் மாறுவது. வானத்தில் எது மாறும்? ஏறுவதும் இறங்குவதும்! எழுதினேன். சரி!

மறுநாளே தனியாக ஓட்டிக் காட்டினேன். போட்டோ வைத்திருக்கிறேன். பாப்பாவுக்குக் காட்டு. நீ பார்க்க விரும்பாவிட்டால் பரவாயில்லை.

பாட்டியாகிவிட்ட
அம்மா

ஜூன் 20

அம்மா,

நீ இங்கே வர வேண்டாம்.

இத்தனை நாளும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். பாப்பா அழுதால், "உன் பாட்டி மேகத்துல இருக்கா, இங்க யார் வருவா?" என்பேன். இவர்தான் அவளைக் குளிப்பாட்டுகிறார், நன்றாகவே. நீ சொன்னபடி பாலும் காய்ச்சுகிறார்.

போன வாரம் போட்டோ வந்தது. அப்பா போன பிறகு நீ இப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பாப்பாவைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் காட்டினேன். "எங்கம்மா. பலூன் ஓட்டுறாங்க." சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பாப்பாவுக்குத் தலை நின்றதும் நாங்கள் வருகிறோம். இவர் கீழே நின்று அவளைப் பிடித்துக்கொள்வார். அதற்குள் வேறு யாரையாவது முதல் ஆளாக ஏற்றினாய் என்று தெரிந்ததோ, நடக்கிறதே வேறு!

கூடையில் எனக்கு இடம் வை.

உன்
சின்னு