கரடி ராஜா நல்லவர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் சின்னவளும் சுகந்தானே? என் நாவல் அச்சாகி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது.

நான் எழுதிய கரடி ராஜா வாயே திறக்கமாட்டான். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பான். விடிந்தால் ஒரு வளை காலியாக இருக்கும். மற்ற மிருகங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கும். புத்தகத்திலோ முயல் "ஊருக்குப் போயிருக்கிறது"! காட்டு முயலுக்கு ஏது ஊர்? அச்சகக்காரர், "உங்க அக்கா டைப் பண்ணினதைத்தான் போட்டேன்" என்கிறார். என் கிறுக்கலைப் படிக்க உன்னை விட்டால் ஆளில்லை என்றுதானே கொடுத்தேன்? ப்ரூஃபும் நீதான் பார்த்தாய். என் கையெழுத்துப் பிரதியை உடனே அனுப்பு.

மனம் நொந்து,
தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

நன்றாகத் திட்டு. பிரதி இல்லையடா, அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர், தன் டீயில் எனக்குப் பாதி ஊற்றுவாரே, அவர் சுவரிலிருக்கும் நாட்டுத் தலைவர் படத்தைப் பார்த்து ஏதோ கிண்டலடித்தார். மறுநாள் நாற்காலி காலி. "ஊருக்குப் போயிருக்கார்" என்றார் மேனேஜர். அவர் மனைவி வந்து அழுதபோது நானும் அதையேதான் சொன்னேன். அன்று சாயங்காலம் உன் முயலை டைப் அடிக்கும்போது விரல் தானாக அதையே அடித்தது. அப்புறம் கரடியையும் நல்லவனாக்கிவிட்டேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. அடுத்தது நீயோ என்றுதான் பிரதியையும் எரித்தேன். நீ உயிரோடிருந்து என்னைத் திட்டினால் போதும்.

உன் அக்கா


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

இது மூன்றாவது கடிதம். ஒரு வரி போட்டால் குறைந்தா போவாய்? உன் நாவலைப் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்துவிட்டார்களாம். "கரடி ராஜா நல்லவர்" என்று சின்னவள் மனப்பாடம் செய்கிறாள். காதைப் பொத்திக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

தலைவர் கையால் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையிலேயே வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சொல்ல வேண்டியதை உருப்போட்டும் வைத்திருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். "ஒவ்வொரு வார்த்தையும் நானே எழுதினதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. உன் ஞாபகமே வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

உன்னைத் திட்ட இனி எனக்கு வாயில்லை. இத்தனை நாள் உன்னை அழவிட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா? என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதையே எழுது. எனக்கு உள்ளதைச் சொல்ல உன்னை விட்டால் யாருமில்லை.

தம்பி