ஏழாவது கட்டம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் முதுகுவலி தேவலையா? நாற்காலியில் உட்கார்ந்தே சம்பாதித்த வலி, கொஞ்சம் எழுந்து நட.

உங்கள் துறை இந்த ஒரு வருடத்தில் மூன்றாவது முறையாக மருத்துவ அட்டைப் படிவத்தை மாற்றியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும் மலையிலேயே பிறந்தவர்களுக்கும் இனி ஒரே படிவமாம். ஏழாவது கட்டத்தில் 'இந்நாட்டுக்கு வந்த தேதி'. கட்டட வேலைக்கு வந்தவர்கள் தேதி சொல்கிறார்கள், காகிதம் கேட்டால் மேஸ்திரியிடம் இருக்கிறது என்று விழிக்கிறார்கள். எங்கள் உதவி மையத்துக்கு வரும், மலைத்தேன் விற்கும் தேன்காரம்மாவோ, "நாங்க எங்கேருந்தும் வரலையே, இங்கேதானே இருக்கோம்" என்று என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. படிவம் போகாவிட்டால் மாதக் கடைசியில் அவள் மருத்துவ அட்டை செல்லாது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் அவளுக்கு. படிவத்தை எழுதிய புண்ணியவான் நீதானே, ஒரு வழி சொல்லு.

உன் அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

வலி அப்படியேதான். நீயும் அப்படியேதான், நலம் விசாரிக்கும்போதே ஒரு குத்து.

இதற்கா இவ்வளவு கோபம்? பிறந்த தேதியையே ஏழாவது கட்டத்தில் போட்டுவிடு. கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். யாரும் பார்க்கப் போவதில்லை. நான் சொல்கிறேன், பயப்படாதே.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

மலைக்காரர்கள் நாற்பத்தொரு பேருக்கும் நீ சொன்னபடியே, என் கையால் எழுதினேன். இன்று அத்தனை பேருக்கும் நோட்டீஸ். வந்த தேதி இருப்பதால் எல்லோரும் வெளிநாட்டாராம். அட்டை ரத்து. சொந்த நாட்டுக்குத் திரும்ப அறுபது நாள் அவகாசமாம். "எந்த ஊருக்குப் போகச் சொல்றாங்க, நீயே சொல்லும்மா" என்கிறாள் தேன்காரம்மா. சொன்ன உனக்கும் புத்தியில்லை, எழுதிய எனக்கும் புத்தியில்லை. உடனே திருத்து.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

மேலிடத்தில் விசாரணை. விண்ணப்பித்தவர்களே பொய்த் தகவல் கொடுத்தார்கள் என்றுதான் துறை சொல்லப்போகிறது. என் கையில் ஒன்றுமில்லை. உன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன். என்னுடைய போன மாதக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பி

ஏப்ரல் 13

தம்பிக்கு,

பொய் சொன்னது தேன்காரம்மாவா? நான் விரலால் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவள் அவள். இரண்டு முறை மருத்துவமனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது. ஒரு டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு முறை செய்ய வைத்தோம். அடுத்த முறைக்கு யார் காலில் விழுவது? உன் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உனக்குப் பிள்ளைகள் இருப்பதை எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம்.

நாளை கோர்ட்டில் மனு போடுகிறோம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, மனுவோடு சேர்த்திருக்கிறேன். யார் கையெழுத்து என்று கேட்பார்கள். கூடப் பிறந்தவனுடையது என்று சொல்வேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் அதையும் சேர்ப்பேன்.

அக்கா